கற்பிக்காதவர் கேட்கும் கணக்கு



விதைக்காதவன் அரிவாளோடு வயலில் இறங்கினால் ஊர் கூடி விரட்டும். கடன் கொடுக்காதவன் வட்டி கேட்டு வாசலில் நின்றால் வழிப்போக்கனும் நகைப்பான். ஆனால் கற்பிக்காத ஓர் அரசு, "கற்றாயா?" என்று கேட்டு, "கற்கவில்லை" என்று கண் கலங்கிய பிள்ளைக்குப் பள்ளி முடிப்புச் சான்றிதழ் இல்லை என்றபோது, உலகம் நகைக்கவில்லை, ஊர் விரட்டவில்லை. தரம் என்றார்கள். சீர்திருத்தம் என்றார்கள். பொறுப்புடைமை என்று புதுப்பெயரும் சூட்டினார்கள். அமெரிக்க நாட்டில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் கொடுமை இது.

அமெரிக்காவில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. பன்னிரண்டு வகுப்புகளையும் முடித்து, ஆசிரியர்கள் இட்ட மதிப்பெண்களில் தேறியவனுக்கு அரசுப் பள்ளி ஒரு சான்றிதழ் தருகிறது. டிப்ளமா என்பார்கள். அது இல்லையேல் கல்லூரிக் கதவு எளிதில் திறவாது. படையில் சேருவது கடினம். கடையில் எழுத்தர் வேலைக்குப் போனாலும் முதற் கேள்வி அதுவே. அந்தச் சான்றிதழுக்கும் மாணவனுக்கும் நடுவே, 1970-களில் தொடங்கி, மாநிலம் மாநிலமாக ஒரு சுவர் எழுப்பினார்கள். ஆசிரியர் தேர்ச்சி அளித்தாலும் போதாது. ஆண்டுதோறும் வகுப்பேறி வந்தாலும் போதாது. மாநில அரசு நடத்தும் தனித் தேர்விலும் வெல்ல வேண்டும். தோற்றவனுக்குச் சான்றிதழ் கிடையாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழப் பாதி மாநிலங்களில் இதுவே சட்டம்.

அந்தச் சுவர் யார் தலைமீது சரிந்தது? ஃபுளோரிடாவுக்கு வாருங்கள்.

1976-இல் அந்த மாநிலம் கல்விப் பொறுப்புடைமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1978-இல் அதைத் திருத்தி, வாழ்க்கைக்கு வேண்டிய எழுத்தும் எண்ணும் தெரியுமா என்று சோதிக்கும் தேர்வில் வென்றாலன்றிச் சான்றிதழ் இல்லை என்று விதித்தது. 1979-இல் பள்ளியை முடிக்கவிருந்த வகுப்பு முதற்பலி. 1977-இல் நடந்த முதல் தேர்வில் வெள்ளை மாணவர்களில் நூற்றுக்கு 25 பேர் தோற்றனர். கறுப்பின மாணவர்களிலோ நூற்றுக்கு 78 பேர்! மூன்று முறை எழுத வாய்ப்பளித்த பிறகும், இறுதி வகுப்பின் வெள்ளையரில் தோற்று நின்றவர்கள் நூற்றுக்கு இருவரைக் கூட எட்டவில்லை. கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 20 பேர். பத்து மடங்கு!

பார்த்தாயா, தகுதி பல்லிளித்துவிட்டது என்று கெக்கலி கொட்டத் துடித்தவர்கள் உண்டு. அவர்களிடம் ஆண்டுக் கணக்கு ஒன்றைக் கேளுங்கள். 1979-இல் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை முதல் வகுப்பில் நுழைந்தது எப்போது? 1967 வாக்கில். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முழங்கியது 1954-இல். ஃபுளோரிடாவில் பிரிவினை முறை உண்மையில் கலைந்தது எப்போது? 1971-இல்! தீர்ப்புக்கும் நடப்புக்கும் இடையே பதினேழு ஆண்டுகள். அந்தப் பதினேழின் கடைசி நான்கு ஆண்டுகளில்தான் இந்தப் பிள்ளைகள் அகரம் பயின்றார்கள். ஒதுக்கப்பட்ட பள்ளி; ஓட்டைக் கட்டடம்; ஒப்புக்குத் தந்த நூல்கள். அடித்தளம் அமைக்க வேண்டிய ஆண்டுகளில் அரசு கடப்பாரையால் தோண்டியது. மாடி கட்டும் பருவத்தில் மட்டக்கோலோடு வந்து, சுவர் சாய்ந்திருக்கிறதே என்று மாணவனை மிரட்டியது.

டாம்பா நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. டெப்ரா பி. எதிர் டர்லிங்டன் என்று சட்ட நூல்கள் குறிக்கும் வழக்கு. டர்லிங்டன், அம்மாநிலக் கல்வித் துறையின் தலைவர். 1979-இல் நீதிபதி கார், தேர்வை நடத்துங்கள், ஆனால் அதைக் காட்டிச் சான்றிதழை மறுக்காதீர்கள் என்று நான்கு கல்வியாண்டுகளுக்குத் தடை விதித்தார். ஏன் நான்கு? பிரிவினைப் பள்ளியின் நிழல் படாத பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை எட்ட அத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதால். 1981-இல் மேல்முறையீட்டு மன்றம் இன்னும் ஒரு படி சென்றது. வகுப்பறையில் கற்பிக்காததைத் தேர்வறையில் கேட்டுத் தண்டிப்பது அடிப்படை நியாயத்துக்கே முரண் என்றது. கற்பித்தோம் என்று மெய்ப்பிக்க வேண்டியது அரசின் கடமை என்றது.

எத்தனை எளிய கேள்வி! சட்டம் இயற்றிய சான்றோர் அவையில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி, கறுப்பினச் சிறுமி ஒருத்தியின் பெயரால் மன்றத்தின் படியேறி வரவேண்டியிருந்தது.

வழக்கு அத்துடன் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாநில அரசு ஆசிரியர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பியது, கற்பிக்கிறோம் என்ற விடைகளைக் கட்டுக் கட்டாகப் பெற்றது, மன்றத்தில் அடுக்கியது. மன்றம் ஏற்றது. 1983 முதல் தேர்வு முழு வலிவோடு நடைமுறைக்கு வந்தது. 1984-இல் மேல்முறையீட்டிலும் அரசே வென்றது. கற்பித்தோம் என்று காகிதத்தில் காட்டுவது, கற்பிப்பதைவிட எளிது. பிற மாநிலங்கள் அந்தப் பாடத்தை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டன.

நாடகம் எழுதிப் பழகிய கை இது. இந்த வழக்கை மேடையேற்ற எனக்கு இரண்டு பாத்திரங்கள் போதும்.

அரசு: பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்கு வந்தாயா?

மாணவன்: வந்தேன்.

அரசு: ஆசிரியர்கள் தேர்ச்சி அளித்தார்களா?

மாணவன்: ஆண்டுதோறும்.

அரசு: ஆனால் எமது தேர்வில் தோற்றாய்.

மாணவன்: ஆம். அந்தக் கணக்கை எங்கள் பள்ளியில் நடத்தவில்லை.

அரசு: ஏன் நடத்தவில்லை?

மாணவன்: கணக்கு ஆசிரியர் இல்லை.

அரசு: ஆசிரியரை நியமிக்க வேண்டியது யார்?

மாணவன்: தாங்கள்.

அரசு: (சற்றே மௌனம்) அடுத்தவன் யார்? வரச் சொல்!

மிகையாக எழுதுகிறாய் என்பீர்களானால், டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகருக்கு வாருங்கள். ஒரே நகரம், இரண்டு பள்ளி மாவட்டங்கள். ஒன்று எட்ஜ்வுட்: மெக்சிகோ வழிவந்த ஏழை உழைப்பாளிகள் நிறைந்த பகுதி. மற்றொன்று அலமோ ஹைட்ஸ்: செல்வச் சீமான்களின் குடியிருப்பு. அமெரிக்காவில் பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அந்தந்த வட்டாரத்து வீடு, மனை மீதான வரியிலிருந்து வருகிறது. மாளிகைக்கு வரி போட்டால் மலையாகக் குவியும். குடிசைக்குப் போட்டால் குன்றிமணியும் தேறாது. 1967-68 கல்வியாண்டில் அலமோ ஹைட்ஸ் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவிட்டது 594 டாலர். எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356.

ஏழைகள் வரி கட்டச் சோம்பினார்களா? இதோ வேடிக்கை. நூறு டாலர் மதிப்புள்ள சொத்துக்கு எட்ஜ்வுட் மக்கள் செலுத்திய வரி 1 டாலர் 5 சென்ட். அலமோ ஹைட்ஸ் சீமான்கள் செலுத்தியது 85 சென்ட்! அதிக விழுக்காடு வரி கொடுத்தவன் குறைந்த கல்வியைப் பெற்றான். இது நீதியா என்று எட்ஜ்வுட் பெற்றோர்கள் வாஷிங்டன் வரை சென்று கேட்டார்கள். ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். 1973-இல் தீர்ப்பு வந்தது: கூட்டாட்சியின் அரசியல் சட்டத்தில் கல்வி அடிப்படை உரிமையாகச் சொல்லப்படவில்லை; ஆகவே இந்த ஏற்றத்தாழ்வு சட்டத்துக்கு விரோதமன்று!

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1989-இல், டெக்சாஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமே அம்மாநிலச் சட்டத்தின்படி இந்த நிதி முறை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்த்தது. மிகுந்த செல்வமுள்ள மாவட்டத்துக்கும் மிகுந்த வறுமையுள்ள மாவட்டத்துக்கும் இடையே, பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட சொத்து மதிப்பில், 700-க்கு 1 என்ற வேற்றுமை இருந்ததாம். எழுநூறுக்கு ஒன்று! தோழர்களே, யானைக்கும் எலிக்கும் ஓட்டப் பந்தயம் வைத்தாலும் சற்று வெட்கப்படுவார்கள். டெக்சாஸ் வெட்கப்படவில்லை. சொத்து மதிப்பில் எழுநூறுக்கு ஒன்று என்று தன் மன்றமே சொன்ன மறு ஆண்டே, எட்ஜ்வுட்டுக்கும் அலமோ ஹைட்ஸுக்கும் பொதுவாக, ஒரே வினாத்தாள், ஒரே வெட்டு மதிப்பெண் என்று முன்னைவிடக் கடினமான புதிய தேர்வைக் கொண்டுவந்தது. உணவில் சமத்துவம் இல்லை. எடை பார்ப்பதில் மட்டும் ஈடிணையற்ற சமத்துவம்!

இதை எதிர்த்து வழக்காடியவர்கள் யார் தெரியுமா? ஜி.ஐ. ஃபோரம் என்ற அமைப்பினர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்டுத் திரும்பிய மெக்சிகோ வழி வீரர்களுக்காக 1948-இல் தோன்றிய சங்கம். நாட்டுக்காகக் குருதி சிந்தத் தகுதியுற்றவனின் பேரப்பிள்ளை, நாட்டின் சான்றிதழுக்குத் தகுதியற்றவனா என்ற கேள்வியோடு அவர்கள் நின்ற நீதிமன்றம், அதே சான் அன்டோனியோ நகரத்தில்தான் இருந்தது. 2000 ஜனவரியில் தீர்ப்பு. மெக்சிகோ வழியினரும் கறுப்பினத்தவரும் மிகுதியாகத் தோற்கிறார்கள் என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, தேர்வு சட்டப்படி செல்லும் என்றார்.

இனி எதிர் வாதத்துக்கு வருகிறேன். படிப்பகத்தில் இந்த ஏட்டை விரித்து வைத்திருக்கும்போது எவரேனும் ஒருவர் கேட்பார்: "தேர்வே வேண்டாமா? படிக்கத் தெரியாதவனுக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டால் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு?" கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மேடையேறியவன் நான், தேர்வின் மேல் இவனுக்கென்ன தீராப் பகை என்று குறும்பாகக் கண் சிமிட்டுவோரும் இருப்பர். சிமிட்டட்டும், கேள்வி கேள்விதான்.

பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் இருந்தும் செய்தித்தாளைப் படிக்க முடியாத இளைஞர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள் என்பது உண்மை. அவர்களை வகுப்பேற்றி வெளியே அனுப்பியது ஏமாற்று என்பதும் உண்மை. ஏமாற்றப்பட்டோர் பெரும்பாலும் ஏழைகள். கறுப்பினப் பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்ப்பதே அவனை இழிவு செய்வதுதான் என்று தேர்வை ஆதரித்தவர்களில் நல்லெண்ணம் கொண்டோரும் இருந்தனர். அந்த வாதத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். அளவுகோல் வேண்டும். எவன் எங்கே தடுமாறுகிறான் என்று ஆண்டுதோறும் கண்டறியத் தேர்வு வேண்டும். ஆனால் காய்ச்சல் 104 என்று வெப்பமானி காட்டினால் மருந்து கொடுப்பார்களா, நோயாளியைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் போடுவார்களா? தேர்வு வேறு, தேர்வைக் கொண்டு தெருவில் தள்ளுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டியதுதான் அரை நூற்றாண்டுச் சூது.

தள்ளியதால் தரமாவது உயர்ந்ததா? அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழுமம், 1999-லேயே, ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவனின் வாழ்வைத் தீர்மானிக்கக் கூடாது என்றது. அதே குழுமம் 2011-இல் ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து சொன்னது: இத்தகைய தேர்வுகளால் பள்ளியை முடிப்போர் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேர் குறைகின்றனர், கல்வித் தரம் உயர்ந்ததற்குச் சான்றில்லை. 2013-இல் பேக்கர், லேங் என்னும் இரு பொருளியலாளர்கள், கடுமையான தேர்வுகள் உள்ள இடங்களில் சிறை செல்வோர் விகிதம் 12.5 சதவீதம் கூடியதைக் கண்டறிந்தனர். பள்ளிக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்; சிறைக் கதவு திறந்துகொண்டது.

தேர்வை ஆதரிப்போர் பெருமையோடு சுட்டும் மாநிலம் மாசசூசெட்ஸ். அங்கே 1993-இல் இயற்றிய சட்டம் தேர்வை மட்டும் கொண்டுவரவில்லை. ஏழை மாவட்டங்களுக்குக் கூடுதல் பணத்தையும் கொண்டுவந்தது. மாணவர் தரம் உயர்ந்தது. மறுக்கவில்லை. பணமும் ஆசிரியரும் செய்த வேலைக்குத் தேர்வு மாலை போட்டுக்கொண்டது என்பது என் கருத்து. 2003-இல் பள்ளி முடித்த வகுப்பு முதல் அங்கே தேர்வில் வென்றால்தான் சான்றிதழ். அங்கே பேப்பே, மர்னேன், வில்லட் என்ற மூவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு என் நெஞ்சைவிட்டு நீங்காதது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் மயிரிழையில் தோற்றவர்களையும் மயிரிழையில் வென்றவர்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்தார்கள். இருவருக்கும் அறிவில் வேற்றுமை இல்லை. ஓரிரு மதிப்பெண் இப்படியோ அப்படியோ விழுந்ததுதான் வேற்றுமை. நகரத்து ஏழை மாணவர்களிடையே, தோற்றவர்கள் உரிய காலத்தில் பள்ளி முடிக்கும் வாய்ப்பு, நூற்றுக்கு 8 என்ற அளவில் குறைந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கோ? அதே மயிரிழைத் தோல்வி ஒரு கீறலும் உண்டாக்கவில்லை!

ஏன் என்று விளக்க ஆய்வு வேண்டுமா? வசதியுள்ளவன் வீட்டில் தோல்விச் செய்தி வந்த மாலையே தனிப்பாட ஆசிரியர் வந்து அமர்வார். தாய் தேறுதல் சொல்வாள். தந்தை தலைமை ஆசிரியரைக் காணச் செல்வார். ஏழை வீட்டிலோ, "நமக்கு இது வராது போலிருக்கிறது" என்ற பெருமூச்சு வரும். மறுநாள் அவன் வேலை தேடப் போவான்.

2024 நவம்பரில் அந்த மாசசூசெட்ஸ் மக்களிடமே கேள்வி வைக்கப்பட்டது: இந்த நிபந்தனை வேண்டுமா, வேண்டாமா? ஆசிரியர் சங்கம் வேண்டாம் என்று வீடு வீடாகச் சென்றது. ஆளுநர் ஹீலி வேண்டும் என்றார். நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் வேண்டாம் என்று வாக்களித்தனர். தேர்வு நீடிக்கிறது, அதைக் காட்டிச் சான்றிதழை மறுக்கும் அதிகாரம் வீழ்ந்தது. நியூயார்க் மாநிலமும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தேர்வுகளுக்குப் பேர்போன அந்த மாநிலமும், 2027-28 கல்வியாண்டில் இந்த நிபந்தனையைக் கைவிடத் திட்டம் வகுத்திருக்கிறது.

கலிபோர்னியாவின் கதையைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. அங்கே 2006 முதல் தேர்வில் வென்றவனுக்கே சான்றிதழ். 2015-இல், தேர்வு நடத்தித் தந்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் முடிந்துபோயிற்று. கோடைத் தேர்வை அரசு நீக்கியது. ஆனால் தேர்வில் வெல்ல வேண்டும் என்ற சட்டத்தை நீக்க மறந்துவிட்டது! பள்ளி முடித்த ஏறத்தாழ 5,000 மாணவர்கள், இல்லாத தேர்வில் வென்று வரவேண்டியவர்களாக நின்றார்கள். கல்லூரியில் இடம் கிடைத்தும் சேர முடியாமல் தவித்தவர்கள் அவர்களில் உண்டு. பத்திரிகைகள் கூச்சலிட்ட பின், ஆகஸ்டில் அவசரச் சட்டம் வந்தது. அக்டோபரில் தேர்வு நிபந்தனையே நிறுத்தி வைக்கப்பட்டது. 2004 முதல் அதனால் மட்டும் சான்றிதழ் இழந்தோர்க்கெல்லாம் அதைக் கொடுத்துவிடலாம் என்றார்கள். ஒன்பதாண்டுகள் தகுதியற்றவன் என்று ஒதுக்கியவனை, ஆளுநரின் ஒரு கையொப்பம் ஒரே பகலில் தகுதியுள்ளவனாக்கிவிட்டது. அவன் அன்று காலையில் எந்தப் புதுப்பாடத்தையும் படித்துவிடவில்லை.

சுவர் முழுதும் இடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஃபுளோரிடாவில் நிற்கிறது. டெக்சாஸில் நிற்கிறது, ஐந்து தேர்வுகளில் இரண்டில் தோற்றவனைப் பள்ளிக் குழு ஒன்று ஆராய்ந்து விடுவிக்கலாம் என்று 2015-இல் ஒரு சன்னலை மட்டும் திறந்திருக்கிறார்கள். லூசியானாவில் நிற்கிறது. எங்கெல்லாம் நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி கட்டிய தென்புலத்து மாநிலங்கள் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருப்பதைக் காண்பீர்கள்.

அத்தென்புலத்தில் ஜார்ஜியா ஒரு நல்ல காரியம் செய்தது. 2015-இல் தன் தேர்வு நிபந்தனையை ஒழித்து, 1994-லிருந்து அந்தத் தேர்வு ஒன்றினாலேயே சான்றிதழ் இழந்தவர்கள் மனுச் செய்து பெற்றுக்கொள்ளலாம் என்று சட்டமியற்றியது. 1994-இல் பதினெட்டு வயதில் பள்ளியைவிட்டு வெறுங்கையோடு வெளியேறியவனுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. கிடங்கில் மூட்டை தூக்கியிருப்பான். உணவு விடுதியில் தட்டு கழுவியிருப்பான். சான்றிதழ் கேட்ட வேலைகளின் வாசலிலிருந்து திரும்பியிருப்பான். தன் மகளை அதே பள்ளிக்கு அனுப்பியிருக்கவும் கூடும். அவன் இப்போது மனுவை நிரப்பி, தான் முன்பு படித்த பள்ளியின் ஆட்சிக் குழுவிடம் தர வேண்டும். சான்றிதழ் வந்து சேரும். இருபத்தோராண்டுக் கூலியில் குறைந்துபோனதை எந்தக் குழுவிடம் மனுச் செய்து கேட்பான்?